எண்ணூரில் ஒரு டீச்சர்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது டாக்டருடைய மனநல கிளினிக். படிக்கட்டு குறுகல். ஏறுகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இறங்குகிறவர்கள் கையை வீசிக்கொண்டு இறங்குவார்கள். ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் ஏறி இறங்கினேன். அந்தத் தெம்பு பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கும். சில மாதங்களில் வீடு வரைக்கும்கூட வந்திருக்கிறது.

டாக்டருக்கு அப்போதே அறுபதை ஒட்டிய வயது. தன் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினவர் என்று எல்லோரிடமும் சொல்வார். வேறு எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் நாங்கள் வாயைத் திருத்திக்கொண்டுதான் பேசுவோம். இவரிடம் அது தேவைப்படவில்லை. எங்கள் பேச்சையே அவரும் பேசினார். "இன்னா கண்ணு, மனசு எப்டி கீது?" என்பார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பது போலத்தான் இருக்கும். வெட்கம் பாதி அங்கேயே போய்விடும்.

என்னை முதலில் அவரிடம் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர். மணலியில் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு, பைப் லைன் பராமரிப்பு. எங்கள் மகள் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் தலை சீவுவதை நிறுத்தியிருந்தேன். குழந்தை அழுதால் கேட்கும், ஆனால் எழுந்து போகத் தோன்றாது. பேய் பிடித்திருக்கிறது என்று மாமியார் சொன்னார். இவர் அதைக் கேட்காமல் ஆட்டோ பிடித்தார். அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்று டாக்டர் இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். நான் ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், குழந்தையை மாமியார் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, கடல் அரிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் கருங்கற்கள் மேல் ஏறி, கடைசிக் கல்லில் போய் நின்றேன். எதற்காகப் போனேன் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச தூரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் தலையைத் தூக்கி, மணி என்ன ஆகிறது என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "இது இந்த ரூமத் தாண்டாது. உன் வூட்டுக்காரருக்கும் நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்புறம்தான் அந்த எண்ணூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். என்னை மாதிரியே ஒருத்தி வந்தாளாம். என்னைவிட மோசமாக இருந்தாளாம், சோற்றைக் கூட ஊட்டிவிட வேண்டியிருந்ததாம். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டாள், இப்போது டீச்சராக இருக்கிறாள் என்றார்.

"அவ நிமிந்தா. நீ நிமிர மாட்டியா?"

அந்த டீச்சரைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்று படியிறங்கினேன்.

*

அவரால் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. இதைத்தான் நான் அவருடைய குணம் என்று சொல்வேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மகன் பல வருஷமாக அறையை விட்டு வெளியே வராதவன். அந்த அம்மா உள்ளே போய்விட்டு வந்து, தையில் பொண்ணு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எங்கள் எல்லோருக்கும் சொன்னார். எந்தத் தை என்று யாரும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது.

வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்து எங்கள் தெருச் சுவர்களெல்லாம் இடுப்பளவுக்குக் கறுத்துப்போன வருஷத்தில், என் மாத்திரைகள் நனைந்து வீணாகிவிட்டன. மூன்றாம் நாள், பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரில் மாத்திரையை வைத்துத் தலைக்கு மேல் பிடித்தபடி அவர் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். கால் முழுக்க எண்ணெய். என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவர் காலைத் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது.

நான் குணமாகிவிட்டேனா என்றால், இல்லை. கற்களின் பக்கம் மறுபடி போகவில்லை, அது உண்மை. மகள் மூன்றாவது போன பிறகு ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அதையும் விடாமல் பார்த்தேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அந்த கனம் ஒரு நாளும் இறங்கவில்லை. பல் தேய்க்க என்னோடு நானே சண்டை போட வேண்டும். மகள் பள்ளியில் ஆடினபோது எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கை மட்டும்தான் தட்டியது.

இரண்டாம் வருஷத்தில் ஒருமுறை அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை டாக்டர், அப்படியேதான் இருக்கிறது என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் தூக்கம் வருகிறது, அது பரவாயில்லை என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன். உடனே தெளிந்துவிட்டார். மருந்தை மாற்றுகிறேன், இது புதுசு, நல்லா கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் எனக்கு உண்மையாகவே கொஞ்சம் தேவலையாக இருந்தது. அதற்கப்புறம் அவர் எப்போது கேட்டாலும் "பரவால்ல டாக்டர்" என்றுதான் சொன்னேன். ரொம்ப முடியாத மாதங்களில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவரே புரிந்துகொண்டு வேறு மாத்திரை எழுதுவார். இப்படி ஐந்து முறை மாற்றினார்.

எண்ணூர் டீச்சரும் எங்களோடு கூடவே வந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், வீடு கட்டினாள். ஒருமுறை கணக்கு டீச்சர் என்றார், இன்னொருமுறை சயின்ஸ் என்றார். சின்னப் பள்ளிக்கூடமாக இருக்கும், இரண்டையும் அவளே எடுப்பாளாயிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எண்ணூர் ஸ்டேஷன் வந்தால் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவேன். பிளாட்பாரத்தில் கைப்பையும் குடையுமாக நிற்கும் பெண்களில் அவள் யார் என்று தேடுவேன். நேராக நிற்கிற பெண்ணாகப் பார்த்து ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பேன். வண்டி கிளம்பும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

*

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதம் என்று நினைவு, கிளினிக் பெஞ்சில் என் பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தார். வெல்டர். ஐம்பது வயது இருக்கும். புறங்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. அது அவருக்கு இரண்டாவது தடவை. ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை, வெல்டிங் ராடைக் கையில் எடுத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது என்று அவராகவே சொன்னார். இந்த டாக்டர் எப்படி என்று என்னைக் கேட்டார். நல்லவர் என்றேன். அவரும் தலையாட்டினார்.

"போன தபா ஒரு பொண்ணப் பத்தி சொன்னாரும்மா. அதக் கேட்டுட்டுத்தான் இன்னிக்கி வந்துகீறேன்" என்றார்.

எண்ணூர் டீச்சர்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பக்கத்துலதான் கன்டெய்னர் யார்டு கேட்டுல வேல செய்யிதாம். கொயந்த பொறந்தப்போ வந்ததாம் இந்த சீக்கு. ஒரு நா மத்தியானம் கடலாண்ட கல்லு மேல போய் நின்னுச்சாம். வல பிரிச்சிகினு இருந்த ஆளு மணி இன்னான்னு கேட்டானாம். அத்தோட திரும்பி வந்துச்சாம். ரெண்டே வருசம். சுத்தமா சரியாயிடுச்சாம். இப்ப மாத்திரகூட இல்லியாம்."

நான் அவர் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை நான் குளிக்கவில்லை. கைப்பையில் ஒன்பதாம் வருஷத்து மாத்திரைச் சீட்டு இருந்தது.

அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்க்க முடிந்தால் ஒன்று கேட்க வேண்டும் என்றார் அவர். சரியாகப் போகிறது என்று முதன்முதலில் அதற்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டுமாம். என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து உள்ளே போகாமல் படியிறங்கி வந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அதை நான் பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, நல்லதற்குத்தான் சொன்னார், ஒரு மனிதர் அதைக் கேட்டு மறுபடி வந்திருக்கிறார். எல்லாம் சரிதான். ஆனால் என் புருஷனுக்குக்கூட நான் கொடுக்காத அந்த மத்தியானம் எத்தனை பேர் கையில் மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதில் என்னைச் சுத்தமாகச் சரிபண்ணியும் வைத்திருந்தார். நான் சரியாகிவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

வேறு ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எண்ணெத் தண்ணில நடந்து வந்த மனுசன வுட்டுட்டு எவன்கிட்டப் போவப் போற? அவரு காதுக்குப் போச்சின்னா இன்னா நெனைப்பாரு?"

அதனால் சொல்லாமல்தான் போனேன். யார்டில் லீவு சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிற மாதிரியே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கள்ளத்தனமாக எவனையோ பார்க்கப் போகிறவள் மாதிரி வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும். சிரிக்கவில்லை. உட்காருங்க என்றார். பழைய சீட்டு எல்லாவற்றையும் கேட்டார். பிளாஸ்டிக் கவரோடு எடுத்துக் கொடுத்தேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அவர் அதைத் தேதி வாரியாக மேஜைமேல் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே போனார். திரும்ப முதலிலிருந்து வந்தார்.

"மருந்தை எத்தனை தடவை மாத்தினதா சொன்னீங்க?"

ஐந்து தடவை என்றேன்.

"மாத்தலைங்க. அஞ்சும் ஒரே மருந்து. கம்பெனி வேற, அதனால பேர் வேற. அளவும் மாறல. ஆரம்பிக்கிறப்போ குடுக்கிற அளவுதான் இது. முதல் சீட்டுலேர்ந்து கடைசிச் சீட்டு வரைக்கும் அதேதான்."

பெயர் மாறின சீட்டுகளில் எல்லாம், அதன் கீழே அந்த ஒரே மருந்தின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிக் காட்டினார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. ரத்தம் எப்போதாவது பரிசோதித்தார்களா என்று கேட்டார். இல்லை. தைராய்டு பார்த்தார்களா? இல்லை. தனியாக உட்கார வைத்துப் பேசுகிற சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு யாராவது அனுப்பினார்களா? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் எனக்கு முதுகு கூசியது, ஏதோ நான்தான் பாடம் படிக்காமல் வந்த மாதிரி. நான் அவரிடம் எப்போதும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.

எனக்கு முழுசாகச் சரியாகுமா என்று கேட்டேன்.

"குறையும். எவ்வளவு குறையும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. குறைஞ்சிட்டு திரும்ப வரவும் செய்யலாம். வந்தா மறுபடி பாப்போம்."

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று இருந்தது. ஆஸ்பத்திரி மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட அழுகை வந்தது. எலுமிச்சம் சாதம் அன்று புளித்தது. பல மாதங்களுக்குப் பிறகு வாயில் ஒரு ருசி தெரிந்தது அன்றுதான். அது கோபத்தினாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது.

*

அடுத்த மாதம் நான் மறுபடி பழைய கிளினிக்குக்குப் போனேன். போக வேண்டியதில்லை. கேட்காமல் விட்டால் அதுவும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பெஞ்சில் வெல்டர் இருந்தார். முகச்சவரம் செய்திருந்தார். இரண்டு நாள் பட்டறை வரைக்கும் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். அவரிடம் சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாராம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது நாந்தாண்ணே. எனக்கு இன்னும் சரியாவல" என்றேன்.

அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார். நம்பினார் என்பது தெரிந்தது. "நீ சொல்லாம இருந்துக்கலாம்மா" என்றார். எழுந்து போய் ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பட்டறைக்குப் போகிறாரா என்றும் தெரியாது.

உள்ளே போய், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, சீட்டுகளை டாக்டர் முன்னால் பரப்பினேன், அந்த டாக்டரம்மா பரப்பினது போலவே. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். என்ன விஷயம் என்று உடனே புரிந்துவிட்டது. மறுக்கவில்லை.

"ஒவ்வொரு தபா பேர் மாத்தும்போதும் உனுக்கு நல்லாகீதுன்னு நீதான் கண்ணு சொன்ன" என்றார்.

நான் சொன்னது உண்மைதான். கல்லு மேல நின்னதைச் சொன்னீங்களே என்றேன். அதற்கு அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பேர் சொல்லலியே என்றார். பிறகு அதுவே தனக்குச் சரியாகப் படாதது போல வேறு பக்கம் பார்த்தார்.

"எண்ணூர் டீச்சருன்னு ஒருத்தர் இருந்தாங்களா டாக்டர்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இருந்தா. டீச்சருக்குப் படிச்சிகினு இருந்தா. ரெண்டு வருசம் வந்தா. அப்பறம் வர்ல. நல்லாயிட்டா, அதான் வர்லன்னு நெனச்சிக்கினேன்."

"விசாரிச்சிப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

கணக்கும் சயின்ஸும் எடுத்த டீச்சர், பையனைப் பெற்று வீடு கட்டிக் குடிபோனவள், குடையோடு பிளாட்பாரத்தில் நேராக நின்றவள், அந்த ஒரு தலையசைப்பில் இல்லாமல் போனாள். அவளுக்குப் பதிலாக, படிப்பை முடித்தாளா என்றுகூட யாருக்கும் தெரியாத ஒரு பெண் அங்கே நின்றாள். அவளைப் பற்றி மேலே யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கும் இத்தனை வருஷம் வந்திருக்காது.

சீட்டுகளைப் பொறுக்கிக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தேன். திட்டிவிட்டு வர வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். திட்டாமலே கதவை நோக்கி நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் போனபோது அவர் கூப்பிட்டார். அந்த டாக்டரம்மா என்ன சொன்னது என்று கேட்டார். சொன்னேன். குறையலாம், எவ்வளவு என்று தெரியாது, திரும்ப வரலாம்.

"அத்தக் கேட்டுட்டு எப்டி கண்ணு வூட்டுக்குப் போன?"

உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அந்த முகத்தில் பயம் இருந்தது.

"பஸ்ஸுல போனேன் டாக்டர்" என்றேன்.

*

இப்போது நான் சாப்பிடுவது மூன்றாவது மருந்து. நிஜமாகவே மூன்றாவது. முதலாவது ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி. இரண்டாவது பாதி கேட்டது. இதில் காலையில் அந்த கனம் எட்டு மணிக்கு மேல் இறங்கிவிடுகிறது. சில வாரம் இறங்குவதில்லை. அப்போது இறங்கவில்லை என்று போய்ச் சொல்கிறேன். டாக்டரம்மா முகம் வாடுவதில்லை.

பழைய டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு பெங்களூரில் மகளிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேரடிப் பக்கம் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுகிறார்கள். நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். என் ஒன்பது வருஷத்தை ஒருவேளை மன்னித்துவிடுவேன். கற்களின் மேல் நின்ற அந்த மத்தியானத்தை அவர் செலவழித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் என் வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட முடிவு செய்தேன். எந்த பெஞ்சிலாவது யாரோ சொல்லி அவர் காதில் விழுவதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் டியூஷன் போயிருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். கல், வலை பிரித்த ஆள், ஐந்து சீட்டு, ரகசியமாகப் போன ஆஸ்பத்திரி. அவர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கல்லு மேல நின்னது டாக்டருக்கு மொதல்லியே தெரியுமா?"

மொதல் நாளே சொன்னேன் என்றேன். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி வைத்தார். டாக்டர் மேல் கோபமா, என் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். சீட்டுக் கவரைத் தேடினேன், காணவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். வேலைச் சட்டை போடாமல் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். கவர் அவர் கக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு சீட்டாக எடுத்து, மருந்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.